ஒன்பது வோல்ட்டில் யாரும் சாவதில்லை

குறைந்த விலைக்கு நல்ல டிலே பெடல் கிடைக்காது என்று சொல்கிறவர்கள் தேடாதவர்கள். நான் மூன்று வாரம் தேடினேன். கிடைத்தது.

மேடம், "நடந்ததை உங்க கைப்பட எழுதுங்க" என்று இரண்டு தாள் கொடுத்தீர்கள். போதாது என்று அப்போதே சொன்னேன், நீங்கள் நம்பவில்லை. வாசலில் நிற்கும் காவலரிடம் கேட்டு இன்னும் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடமாக ஸ்பேனர் பிடித்த லிஃப்ட் மெக்கானிக்கின் கை இது. ஆனால் எழுதுவதில் பொய் இருக்காது. பொய் இருப்பது உங்கள் அறிக்கையில்தான். இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி: "தரமற்ற மலிவு விலை மின்கருவியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததால் மரணம்." பேப்பர்காரர்கள் அதையே இன்னும் கொஞ்சம் மசாலா தடவிப் போட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்திருக்கிறேன். யாரும் என்னைத் தேடவில்லை, இழுத்து வரவும் இல்லை. காலையில் ஷேவ் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பஸ் பிடித்து நானாகத்தான் வந்தேன்.

அந்தப் பெடல் ஓடுவது ஒன்பது வோல்ட்டில். ஒன்பது வோல்ட் பேட்டரியை நாக்கில் வைத்தால் சுள்ளென்று இருக்கும், கொஞ்சம் புளிக்கும், அவ்வளவுதான். அதனால் ஒரு கரப்பான்பூச்சியைக்கூடக் கொல்ல முடியாது. இது தெரியாதவர்கள் அறிக்கை எழுதலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் உங்கள் கண்ணெதிரேதான் இருந்தேன். செத்தவருடைய மைத்துனன் என்று ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகில் தட்டி அனுப்பிவிட்டீர்கள்.

பெடலை விற்ற கடைக்காரரை மட்டும் கூட்டி வந்து வைத்திருக்கிறீர்கள். இன்றோடு ஒரு வாரம். கடைக்கு சீல். வராந்தாவில் இப்போதும் பார்த்தேன், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர். அவரைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைப்பட்டால் எழுதிக்கொள்ளுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு வாரமாக என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அறிக்கைக்காகக் காத்திருந்தேன். அதில் ஒழுங்காக எழுதுவீர்கள் என்று நினைத்தேன்.

டிலே பெடல் என்பது காலால் மிதிக்கிற ஒரு சின்ன டப்பா. சோப்புப் பெட்டி அளவு. எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஒயரில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் வாசிப்பதை வாங்கி, ஒரு கண் சிமிட்டும் நேரம் தன்னிடம் வைத்திருந்து, திருப்பிக் கொடுக்கும். மூன்று திருகுகள். எவ்வளவு நேரம் கழித்துத் திருப்புவது என்பது ஒன்று, எத்தனை முறை என்பது ஒன்று, எவ்வளவு சத்தமாக என்பது ஒன்று. இதற்குமேல் அதில் சூட்சுமம் எதுவும் இல்லை. சூட்சுமம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

எங்கள் குழுவில் நான்கு பேர். பாடுவதும் முதல் கிட்டாரும் மாப்பிள்ளை, அதாவது என் தங்கச்சியின் கணவர். அவர் எனக்குத் தங்கச்சி கணவர் ஆவதற்கு முன்பே கூட்டாளி. அவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் நான்தான், அதையும் என் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ்காரர் பகலில் தபால் பிரிக்கிறவர். பேஸ் கிட்டார்காரர் அதிகம் பேசமாட்டார், அதனால் அவருக்குத் தூண் என்று பெயர். நான் இரண்டாவது கிட்டார். கல்யாண வரவேற்பு, கம்பெனி ஆண்டு விழா, ஹோட்டல் திறப்பு என்று பதினான்கு வருடம் வாசித்தோம்.

இரண்டாவது கிட்டார் என்றால் ஒப்புக்குச் சப்பாணி என்று நினைப்பார்கள். எங்கள் குழுவில் அப்படி இல்லை. மாப்பிள்ளை ஒரு வரி வாசிப்பார். அது முழுசாக முடிவதற்குள், ஒரு தாளம் தள்ளி, அதே வரியை நான் சன்னமாகத் திருப்பி வாசிப்பேன். அவர் கேள்வி கேட்பது போலவும் நான் அதையே யோசித்துப் பார்ப்பது போலவும் இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்தது. கேட்டவர்கள் மேடைக்குப் பின்னால் வந்து, "ரெண்டு கிட்டாரும் பேசிக்கிற மாதிரி இருக்குங்க" என்று சொல்வார்கள், மாப்பிள்ளையின் கையைக் குலுக்குவார்கள். பக்கத்தில்தான் நிற்பேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

பொருள் தேர்ந்தெடுப்பதில் என் பெயர் வேறு. எங்கள் வட்டாரத்தில் கிட்டார் வாசிக்கிற யாரும் ஒரு ஒயர் வாங்குவதானாலும் என்னைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள். விலையைப் பார்த்து வாயைப் பிளக்கிற ரகம் இல்லை நான். காதை வைத்துப் பார்ப்பேன்.

இந்த வருட ஆரம்பத்தில் தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை கேட்டார். "மச்சான், ஒரு டிலே பெடல் பாத்து சொல்லேன். கையக் கடிக்காத வெலையில."

"எதுக்கு மாப்ள?"

"சும்மாதான். சவுண்டு கொஞ்சம் நெறைவா இருக்குமேன்னு."

தங்கச்சி தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. என்னிடம் கேட்டார் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. மேடம், சந்தோஷமாக இருந்தது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போவேன். டிரம் செட் அடுக்கி வைத்திருக்கும் கண்ணாடி அறைக்குள் என் கிட்டாரோடு புகுந்தால் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகும். கடைக்காரர் முகம் சுளித்ததே இல்லை, டீ வாங்கிக் கொடுப்பார்.

முதல் பெடல் திருப்பிக் கொடுத்த ஒலி, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. வேறொன்றில் சின்னத் திரை, பன்னிரண்டு வகை எதிரொலி. அதில் பதினொன்று யாருக்கும் வேண்டாதது, அந்தப் பதினொன்றுக்கும் சேர்த்துத்தான் விலை. பச்சை நிறத்தில் ஒன்று கிட்டத்தட்ட ஏமாற்றிவிட்டது. எதிரொலி தேனாக இருந்தது. ஆனால் அணைத்து வைத்திருக்கும்போது கிட்டாரின் சொந்தக் குரலே மூக்கடைத்துப் போனது. இதை மலிவு பெடல் வாங்குகிறவர்கள் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பெடல் ஓடும்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பார்கள். ஓடாதபோது சும்மா இருக்கத் தெரிகிறதா என்று கேட்கவேண்டும். மிதிக்கும்போது டப்பென்று ஸ்பீக்கரில் அடிக்கிற ஒன்றையும், எங்கும் கிடைக்காத அடாப்டர் கேட்கிற ஒன்றையும் தள்ளினேன். பிளாஸ்டிக் உடம்பு உள்ளதைத் தொடவே இல்லை, மாப்பிள்ளை மிதித்தால் யானை மிதித்த மாதிரி.

பதினோராவதாக வந்தது இது. இரும்பு உடம்பு, மூன்றே திருகு, சாதாரண அடாப்டர், பெயர் தெரியாத கம்பெனி. தப்பித் தவறி உள்ளே வந்துவிட்ட நல்ல பொருள் என்று முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. நேரத் திருகை ஒரு தாளத்துக்கு வைத்தேன். எத்தனை முறை என்பதை ஒன்றில் வைத்தேன். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மாப்பிள்ளை வாசிக்கிற ஒரு வரியை வாசித்தேன்.

பெடல் நான் வாசிப்பதைத் திருப்பி வாசித்தது. அதே தள்ளல், அதே சன்னம். பதினான்கு வருடமாக நான் எதைச் செய்தேனோ அதை, சோப்புப் பெட்டி அளவில், பிசிறில்லாமல் செய்தது.

கடைக்காரர் கண்ணாடிக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். "அண்ணே, ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரியே இருக்கு. இது இருந்தா இன்னொரு ஆளே வேணாம்போல."

வலித்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தங்கச்சி ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதும் அந்தக் கண்ணாடி அறையில்தான் புரிந்தது.

அந்த நிமிடம் அந்தப் பச்சைப் பெடலை வாங்கி மாப்பிள்ளை தலையில் கட்டியிருக்கலாம். அவர் காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே மாதத்தில் பெடல் பல்லைக் காட்டியிருக்கும், என் இடமும் எனக்கே இருந்திருக்கும். உங்களுக்கும் இப்போது இத்தனை வேலை இருந்திருக்காது. நான் செய்யவில்லை. கெட்ட பொருளை நல்லது என்று சொல்ல என் வாய் வராது. நேர்மை என்று ஒன்று இருக்கிறது, மேடம். நல்லதையே எடுத்தேன். பில்லில் இரண்டு பெடல் என்று இருக்கும், அது எழுத்துப் பிழை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் நினைத்தபடியேதான் நடந்தது. மூன்று ஒத்திகை. முதல் ஒத்திகையில் என்னை வாசிக்க வேண்டாம், சும்மா கேள் என்றார்கள். இரண்டாவதில் என் நாற்காலியில் டிரம்ஸ்காரரின் பை இருந்தது. மூன்றாவது முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை தோளில் கை போட்டார்.

"மச்சான், ஒன்னோட காது மாதிரி யாருக்கு இருக்கு சொல்லு. நீ கீழ மிக்ஸர்ல ஒக்காந்து சவுண்ட பாத்துக்க. ஒயரு, கரண்டு, எல்லாம் ஒன் பொறுப்பு. மேடையில மூணு பேரு போதும்."

"வாசிக்கறது?"

"அதான் பெடல் வாசிக்குதே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தூண்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தங்கச்சியிடம் போனேன். "அண்ணா, எத்தன வருஷம் நின்னுக்கிட்டே வாசிப்ப? முட்டிவலி வேற. ஒக்காந்து செய்யற வேலதான, நல்லதுதானே" என்றாள். என்மேல் அக்கறை. அதை நான் சந்தேகப்படவில்லை.

கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. ஒயரையும் கரண்டையும் என் கையில் கொடுத்தது அவர்கள். நான் கேட்டு வாங்கவில்லை. இதை நீங்கள் தனியாக அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆம்ப்ளிஃபையரைப் பற்றிச் சொல்லவேண்டும். அது மாப்பிள்ளையுடையது. மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த கிழட்டு ஆம்ப். ஒலி அருமை, ஆனால் உள்ளே எங்கேயோ கசிவு. பத்து வருடத்துக்கு முன்னால் அது டிரம்ஸ்காரரைக் கடித்தது. எங்கள் ஆட்கள் ஷாக் அடித்தது என்று சொல்லமாட்டார்கள், கடித்தது என்றுதான் சொல்வார்கள். நான்தான் அதற்குப் புது ஒயர், எர்த்தோடு போட்டுக் கொடுத்தேன். எர்த் என்றால் கசிகிற கரண்டைத் தரைக்குக் கூட்டிப்போய் விடுகிற வழி. அந்த வழி திறந்திருக்கும்வரை அந்த ஆம்ப் பசு மாதிரி. பிளக்கைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டி, இதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

ஏன் தொடப்போகிறார்கள் என்றால், எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஆம்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு வேறொரு எர்த் இருந்து, இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்பீக்கர் ம்ம்ம் என்று முனகும், பழைய ஃப்ரிட்ஜ் போல. அதை நிறுத்த ஒழுங்கான வழி இருக்கிறது, நேரமாகும். நேரமில்லாதவர்கள் ஆம்பின் எர்த்தைத் தூக்கிவிடுவார்கள், அதாவது பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். முனகல் உடனே நிற்கும். எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் அப்படித்தான் வாசிக்கிறார்கள், கசிவில்லாத ஆம்பாக இருந்தால் வீடு போய்ச் சேருகிறார்கள். எங்கள் குழுவில் பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட அதை நான் விட்டதில்லை.

பெடல் வந்த பிறகு நடந்த முதல் நிகழ்ச்சியில் முனகல் வந்தது. ஹாலின் ஒயரிங் அப்படி. மாப்பிள்ளை மைக்கிலேயே, டிரம்ஸ்காரர், தூண், நாற்காலி போடுகிற ஆட்கள், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "மலிவா வாங்குனா இப்படித்தான் மொனகும். எங்க மச்சானோட செலக்‌ஷன்."

நான் மேடை ஏறி, பெடலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கிட்டாரை நேராக ஆம்பில் செருகிக் காட்டினேன். பெடல் இல்லாமலே முனகியது. சின்னக் குழந்தைக்கும் புரியும். யாரும் பார்க்கவில்லை. டிரம்ஸ்காரர், "விடுப்பா, அடுத்த தடவ நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றார்.

நல்லதாக ஒன்று. மூன்று வாரம், பதினோரு பெடல், அதன் பிறகு நல்லதாக ஒன்று. என் இடத்தை எடுத்துக்கொண்டதை நான் பொறுத்துக்கொண்டேன் மேடம், இப்போதும் அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் எடுத்துக்கொண்டது மட்டமான பொருள் என்று சொன்னால் நான் எதற்குச் சமம் என்று ஆகிறது? இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. ஐந்தாவது மாடியில் ஹால். முந்தின நாள் நான் போய் ஹாலையும் மின் போர்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தேன். போர்டைப் பார்ப்பது என் தொழில். லிஃப்டையும் பார்த்தேன், நன்றாகப் பராமரித்திருந்தார்கள்.

மறுநாள் மதியம் மூன்றரைக்கு ஒத்திகை. ஆட்கள் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்பைப் போட்டதும் முனகியது. முனகும் என்று எனக்குத் தெரியும், முந்தின நாளே போர்டைப் பார்த்தேனே. மாப்பிள்ளை பெடலைக் காலால் எத்தினார். "இந்த எழவ எப்படியாவது நிறுத்துடா மச்சான்."

"எர்த்த தூக்குனா நிக்கும்."

"தூக்கித் தொலையேன் அப்ப."

மூன்று பேர் காதில் விழுந்தது. டிரம்ஸ்காரரைக் கேளுங்கள், தூணைக் கேளுங்கள். அவர் சொன்னார், நான் செய்தேன். சிவப்பு டேப்பைப் பிரித்து எர்த் ஒயரைக் கழற்றினேன். முனகல் நின்றது. "பாத்தியா, இதுக்கு இவ்வளவு நாளா?" என்றார் மாப்பிள்ளை.

இதுவரை எழுதியதைப் படித்தால், இது கவனக்குறைவு, விபத்து என்று ஒரு நல்ல வக்கீல் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அதனால் அடுத்ததைத் தெளிவாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை மைக்கில் உதடு ஒட்டப் பாடுகிறவர். முத்தம் கொடுக்கிற மாதிரி. மைக்கின் மேல் கறுப்புப் பஞ்சுத் தொப்பி ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். கையில் கிட்டார்க் கம்பி, உதட்டில் மைக். எர்த் இல்லாத ஆம்ப் ஒரு பக்கம் இழுத்தால், மைக்கின் இரும்பு வலை மறுபக்கம் இழுக்கும், நடுவில் மனிதன். அந்தப் பஞ்சுத் தொப்பி இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

தொப்பியை எடுக்கச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது, அதனால் எடுத்தேன். இப்படித்தான் எனக்கு நானே பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்து என் பேன்ட் பாக்கெட்டில் வைத்தேன். இந்த மேஜையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். மைக்கில் தொப்பி இல்லை என்று உங்கள் ஆட்கள் யாரும் கவனிக்கவில்லை.

கீழே வந்து மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மேடைக்குப் போகிற கரண்டின் ஸ்விட்ச் என் வலது கைக்கு அருகில். அதன்மேல் கை வைத்திருந்தேன். மாப்பிள்ளை முதல் வரியை வாசித்தார். நன்றாக வாசித்தார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை கம்பியில் இருக்க, மைக் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார்.

"செ" என்று பாதி வார்த்தை வந்தது. பிறகு அவர் அசையவில்லை. அப்படியே நின்றார். டிரம்ஸ்காரர் குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார், தூண் போனில் இருந்தார். நான் மட்டும்தான் பார்த்தேன்.

அவர் வாசித்த வரியைப் பெடல் திருப்பி வாசித்தது. நான் ஒரு முறை என்று வைத்துக் கொடுத்த திருகை அவர் ஏழுக்குத் திருப்பி வைத்திருந்தார். அது அவருடைய ரசனை, எனக்கு உடன்பாடில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சன்னமாக, ஒவ்வொன்றும் சுத்தமாக. ஒரு இரைச்சல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. எவ்வளவு நல்ல பெடல் என்று அன்றுதான் முழுசாகக் கேட்டேன். ஏழாவது முடிந்தது. எட்டாவது வராது என்று உறுதியான பிறகு ஸ்விட்சை அணைத்தேன்.

தங்கச்சி அப்போது அவருடைய மேடைச் சட்டையை ஹேங்கரில் மாட்டிக்கொண்டு லிஃப்டில் மேலே வந்துகொண்டிருந்தாள்.

எர்த்தை நான் திரும்ப மாட்டினேன், டேப்பையும் சுற்றினேன். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், யாரும் பார்க்கவில்லை. உங்கள் ஆட்கள் வந்து ஆம்பைச் சோதித்தபோது அது பசுவாக இருந்தது, மீதி இருந்தது பெடல்தான். எர்த்தைத் தூக்கியதைப் பற்றி டிரம்ஸ்காரரும் தூணும் உங்களிடம் வாய் திறக்கவில்லை. கூட்டுச் சேர்ந்து செய்த தப்பு என்று பயம். பாவம், அவர்களைப் போட்டுப் பிராண்டாதீர்கள்.

ஐந்தாம் நாள் டிரம்ஸ்காரர் என் வீட்டுக்கு வந்தார். அழுதார். பிறகு, "ஒத்துக்கிட்ட நிகழ்ச்சி ரெண்டு இருக்கு. இனி நீதான் முன்னால நிக்கணும். ரெண்டு கிட்டாரும் நீயே வாசிச்சுடலாம்ல, அது மாதிரி ஒரு பெடல வச்சு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. பில்லில் இருக்கிற இரண்டாவது பெடல் என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒன்று வாங்கிய அதே நிமிடத்தில் எனக்கென்று வாங்கியது. எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். "எப்பவாவது தேவைப்படும்" என்றேன். இதை அவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

நேற்று உங்கள் அறிக்கையைப் படித்துவிட்டுத் தங்கச்சி போன் செய்தாள். பத்து நாளாகச் சரியாகப் பேசாதவள். "அண்ணா, அந்தப் பெட்டிதான் அவர முழுங்கிடுச்சாம். நீ வாங்கிக் குடுத்ததுன்னு மனசுல வச்சு மருகாத. ஒன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீ பாவம், தெரியாமதானே வாங்கின?"

என்னை மன்னிக்கிறாள், மேடம். மோசமான பெடல் வாங்கியதற்காக.

"அது நல்ல பெடலும்மா" என்றேன்.

"பின்ன அவரு எப்படிண்ணா செத்தாரு?"

போனை வைத்துவிட்டேன். ராத்திரி தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன். காலையில் ஷேவ் செய்து கிளம்பினேன்.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை. பெடலைத் தெரிந்து தேர்ந்தெடுத்தேன். எர்த்தைத் தெரிந்து தூக்கினேன். தொப்பியைத் தெரிந்து எடுத்தேன். ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டே ஏழு வரை தெரிந்து எண்ணினேன். என் தங்கச்சியின் கணவரைக் கொன்றது நான், அந்தப் பெடல் இல்லை. மன்னிப்பு எதுவும் கேட்கப்போவதில்லை, யாரிடமும். கடைக்காரரை இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள், சீலை உடையுங்கள், நான்காவது வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதுங்கள். பேப்பர்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். டிரம்ஸ்காரர் வந்துபோன பிறகு அறையைச் சாத்திக்கொண்டு என் பெடலை இணைத்து உட்கார்ந்தேன். நேரத் திருகு ஒரு தாளத்துக்கு, எத்தனை முறை என்பது ஒன்றில், சத்தம் கொஞ்சம் குறைவாக. எல்லாம் சரியாக இருந்தது. கம்பியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இருட்டுகிறவரை இருந்தேன். வாசிக்க ஒரு வரியும் தோன்றவில்லை. புதுப் பழக்கம் அல்லவா, போகப் போகச் சரியாகிவிடும். உள்ளே கிட்டார் வைத்துக்கொள்ள விடுவீர்களா என்று தெரியவில்லை. விட்டால், அங்கே கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்த யாரையாவது பக்கத்தில் போடுங்கள். முதல் வரியை அவர் வாசித்துக் கொடுத்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.